கலசமும் கத்திப் பெட்டியும்: இங்கிலாந்தில் சைட்போர்டு தேடி

புதன், லண்டன்

இந்தப் பயணத்தில் லண்டன் பாலம், மெழுகு பொம்மை, ராஜா வீட்டுக் காவல் மாற்றம் எல்லாம் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வந்திருப்பது மர சாமான் பார்க்க. அதிலும் குறிப்பாக, சாப்பாட்டு அறையில் சுவரோரம் நிற்கும் சைட்போர்டு, அதாவது தட்டும் பானமும் வைத்துப் பரிமாறும் நீள மேசை, பார்க்க. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்துப் பணக்காரர்களுக்குக் கிரேக்க, ரோமானியக் கலை மீது பெரிய மோகம் வந்தது. அந்தப் பாணியைத்தான் இன்று நியோகிளாசிக்கல் என்கிறோம். நாற்காலியும் கட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்தவை. சைட்போர்டு நமக்குத் தெரிந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்ததோ சுமார் 30 ஆண்டுகளுக்குள், 1760க்கும் 1790க்கும் நடுவில். அது நடந்த வீடுகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. டிக்கெட் வாங்கினால் உள்ளே விடுகிறார்கள்.

முதலில் சர் ஜான் சோன் அருங்காட்சியகம். லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தின் ஓரத்தில், பக்கத்து வீடுகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடு. அனுமதி இலவசம். உள்ளே சுவர் தெரியாத அளவுக்குச் சிலைத் துண்டுகள். எனக்கு இதில் ஆர்வம் வேறு. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் அலுவலக வரைபடங்கள், ஏறத்தாழ 8,000, இங்கேதான் இருக்கின்றன. ஆடம் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1833இல், சோன் அவற்றை 200 பவுண்டுக்கு வாங்கினார். கூரை, கணப்பு, கம்பளம், கதவுக் கைப்பிடி வரை ஆடம் வரைந்திருக்கிறார். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற ஆள் இல்லை. மேசை எந்தச் சுவரில் நிற்க வேண்டும், அதன் மேல் என்ன இருக்க வேண்டும் என்பதும் அவர் கணக்குதான்.

ஆடம் ஸ்காட்லாந்துக்காரர், 1728இல் பிறந்தவர். 1754இல் இத்தாலிக்குக் கிளம்பி 1758 தொடக்கம் வரை வெளிநாட்டில் சுற்றினார். 1757இல், இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்ப்ளிட் நகரத்தில், ரோமப் பேரரசர் டயோக்ளிஷியன் அரண்மனையின் இடிபாடுகளை ஐந்து வாரம் அளந்து வரைந்தார். கோட்டையை வேவு பார்க்க வந்தவர் என்று அந்த ஊரை ஆண்ட வெனிஸ் அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அந்த வரைபடங்களை 1764இல் பெரிய புத்தகமாகப் போட்டார். இதெல்லாம் நடந்த காலத்தில் ஹெர்குலேனியத்திலும் (1738 முதல்) பாம்பேயியிலும் (1748 முதல்) தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பா முழுக்க அதே பேச்சு.

ஆனால் பழைய ரோமிலிருந்து இவர்கள் கைக்குக் கிடைத்தது பெரும்பாலும் கல்லும் மண்பாண்டமும் சுவர் ஓவியமும்தான். மரத்தில் செய்தது அநேகமாக எல்லாம் மட்கிப் போயிருந்தது. அப்படியானால் ரோமானியப் பாணியில் ஒரு மேசை எப்படிச் செய்வது? தூணில் இருந்த வரிப்பள்ளத்தை மேசைக் காலுக்கு இறக்கினார்கள். பலிபீடத்து மூலையில் இருந்த ஆட்டுத்தலையை மேசை மூலைக்குக் கொண்டுவந்தார்கள். செத்தவர் சாம்பல் வைக்கும் கலசம் கத்தி, கரண்டி வைக்கும் பெட்டியானது. கல் சவப்பெட்டியின் வடிவம் மது பாட்டில் குளிரவைக்கும் தொட்டியானது. சாவுக்குரியதை எல்லாம் சாப்பாட்டு அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறோமே என்று யாரும் கூசியதாகத் தெரியவில்லை.

மாலையில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே கிம்போல்டன் கேபினெட் என்று ஒன்று இருக்கிறது. 1770களில் ஆடம் வரைந்து, மேஹ்யூ அண்ட் இன்ஸ் பட்டறை செய்து, மேத்யூ போல்டன் உலோக வேலை சேர்த்தது. முகப்பு முழுக்க வண்ணக் கல் பதித்த படங்கள். அவை 1709இல் ஃபிளாரன்ஸில் செய்தவை. பார்க்க அலமாரி, ஆனால் சாமான் வைப்பதற்காகச் செய்ததே இல்லை. அந்தக் கல் படங்களை மாட்டி வைக்க ஒரு சட்டகம் வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு. அழகுதான். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் எனக்கு அதன்முன் நிற்கத் தோன்றவில்லை. சாமான் என்றால் அதை யாராவது திறந்து மூடியிருக்க வேண்டும்.

வியாழன், ஆஸ்டர்லி

சித்தி மகன் வீடு ஹௌன்ஸ்லோவில். அங்கிருந்து ஆஸ்டர்லி பூங்கா கூப்பிடு தூரம். "அண்ணே, பத்து வருஷமா இந்தப் பக்கம்தான் வாக்கிங் போறேன். வீட்டுக்குள்ள போனதே இல்லை" என்றான். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலேயே போகின்றன.

வீடு 1570களில் தாமஸ் கிரெஷம் என்ற வணிகர் கட்டியது. பிறகு லண்டன் வங்கி முதலாளிகளான சைல்டு குடும்பத்துக்கு வந்தது. அந்தக் குடும்பத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களும் இருந்தார்கள். 1761 முதல் சுமார் 20 ஆண்டு ஆடம் இந்த வீட்டை உள்ளும் புறமும் மாற்றி அமைத்தார். 1773இல் இதைப் பார்த்த எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அரண்மனைகளுக்கெல்லாம் அரண்மனை என்று புகழ்ந்தார். அதே மனிதர் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, கிரேக்க ஜாடி ஓவியங்களைப் பார்த்துத் தீட்டிய எட்ருஸ்கன் அறையைக் கண்டு முகம் சுளித்தார். வெட்ஜ்வுட் பீங்கான் மாதிரி இருக்கிறது, ஆள் நடுங்கிப்போகிறார் என்பது அவர் புகார். எனக்கு அந்த அறை பிடித்தது. ஒரு பீங்கான் கோப்பைக்குள் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாட்டு அறையில்தான் நேரம் போனது. முதல் பார்வையில் ஒன்று உறுத்தும்: நடுவில் மேசை இல்லை. அந்தக் காலத்தில் மடக்கு மேசைகளை வெளியே நடைபாதையில் வைத்திருப்பார்கள், சாப்பாட்டு நேரத்துக்கு வேலையாட்கள் தூக்கிவந்து விரிப்பார்கள், முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். யாழ் வடிவ முதுகு வைத்த அந்த மகோகனி நாற்காலிகள் ஜான் லின்னெல் பட்டறையில் செய்தவை. ஆக, அறையில் எப்போதும் அசையாமல் நிற்பது சைட்போர்டு மட்டும்தான். அறைக்குள் வருகிறவர் கண்ணில் படுவதும் அதுதான்.

சுவரில் துணி எதுவும் கிடையாது. எல்லாம் சுண்ணச் சாந்து அலங்காரம். கூரையில் திராட்சைக் கொடி, மதுக் குடம், மதுத் தெய்வமான பாக்கஸின் கோல். இதற்கு ஆடமே காரணம் எழுதி வைத்திருக்கிறார். 1773 முதல் அவரும் தம்பி ஜேம்ஸும் வெளியிட்ட தங்கள் கட்டடங்கள் பற்றிய புத்தகத்தில், சாப்பாட்டு அறையில் பட்டும் திரைச்சீலையும் தொங்கவிட்டால் உணவு வாடை அதில் தங்கிவிடும், அதனால் சாந்து வேலையும் சிலையும் படமுமே சரி என்கிறார். இங்கிலாந்துக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களைவிட அதிக நேரம் பாட்டிலோடு உட்காருகிறார்கள், அரசியல் பேசுகிறார்கள், அதனால் இந்த அறை முக்கியம் என்றும் சொல்கிறார். பெண்கள் சாப்பிட்டு எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் இருட்டும்வரை குடித்துக்கொண்டே இருப்பார்கள்.

இந்தக் கட்டத்தில் சைட்போர்டு என்பது தனிச் சாமான் கிடையாது, ஒரு கூட்டணி. நடுவில் டிராயர் இல்லாத நீள மேசை. இரண்டு பக்கமும் தனியாக நிற்கும் இரண்டு பீடங்கள். பீடங்கள் மேல் ஆளுக்கொரு கலசம். மேசைக்குக் கீழே மதுத் தொட்டி. எல்லாம் கோயில் முகப்பு மாதிரி சரிபாதியாக நிற்கும். கலசத்துக்குள் ஈயத் தகடு அடித்துக் குழாய் வைத்திருப்பார்கள்; ஒன்றில் குடிக்க ஐஸ் தண்ணீர், இன்னொன்றில் கரண்டி கழுவத் தண்ணீர். வெள்ளித் தட்டு அந்தக் காலத்தில் பெரிய வீட்டில்கூட அளவாகத்தான் இருக்கும். ஒரு பதார்த்தம் முடிந்ததும் அங்கேயே கழுவித் துடைத்து அடுத்ததற்கு வைக்க வேண்டும். விருந்தாளிக்குக் கிரேக்கக் கோயில். பட்லருக்கு அது பாத்திரம் விளக்கும் இடம்.

வெள்ளி, ரயிலில்

செயின்ட் பாங்க்ராஸிலிருந்து டெர்பிக்கு ரயில். இன்று பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் நேற்று விட்ட பீடங்களுக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜார்ஜ் ஹெப்பிள்வைட் என்ற லண்டன் ஆசாரி 1786இல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து அவர் மனைவி ஆலிஸ் அவருடைய வடிவங்களை ஒரு வழிகாட்டிப் புத்தகமாக வெளியிட்டார். அதில் பீடங்களைப் பற்றிய விளக்கம் இருக்கிறது. ஒரு பீடத்துக்குள் கெட்டியான தகரம் அடித்து, தட்டு அடுக்கும் சட்டங்கள் வைத்து, அடியில் காய்ச்சிய இரும்பு வைக்க இடம் விட வேண்டும். தட்டு சூடாக இருக்கும். இன்னொரு பீடம் மூத்திரச் சட்டி வைக்க.

ஆமாம், சாப்பாட்டு அறையில்தான். 1784இல் இங்கிலாந்துக்கு வந்த பிரெஞ்சு இளைஞர் பிரான்ஸ்வா த லா ரோஷ்ஃபுக்கோ இதைப் பார்த்து அதிர்ந்துபோய் எழுதியிருக்கிறார்: சைட்போர்டில் சட்டிகள் இருக்கின்றன, மற்றவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்துபோய் வேலையை முடித்துக்கொள்கிறார். மேலே ரோமானியக் கலசம். உள்ளே இது.

அதே 1788இல் லண்டன் ஆசாரிகளின் கூலி விகிதப் புத்தகம் ஒன்றும் வந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்று முதலாளியும் தொழிலாளியும் சண்டை போடாமல் இருக்க. அதில் தாமஸ் ஷியரர் வரைந்த சைட்போர்டுகள் இருக்கின்றன. மேசை, பீடம், டிராயர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சாமானாகிவிட்ட காலம் இது. பிரபுவின் நீள அறைக்கு ஐந்து துண்டுக் கூட்டணி பொருந்தும். லண்டன் வக்கீல் வீட்டுக்கோ டாக்டர் வீட்டுக்கோ அது அடங்காது. எனவே பீடம் சுருங்கி மேசையின் இரு முனையில் ஆழமான டிராயராக நுழைந்தது. ஹெப்பிள்வைட் புத்தகத்தின்படி ஒரு பக்க டிராயரில் பாட்டில்களுக்குத் தனித்தனித் தடுப்பு. மறுபக்க டிராயரில் ஈயம் அடித்த தொட்டி, கண்ணாடிக் கோப்பை கழுவ. அழுக்குத் தண்ணீர் போக அடியில் அடைப்பான் வைக்கவும் மறக்கவில்லை. நடுவில் மெல்லிய டிராயர், மேசை விரிப்புக்கு. முகப்பு வளைந்து நெளிந்து வரும். கால்கள் கீழே போகப்போக மெலியும். பின்பக்கம் ஒரு பித்தளைக் கம்பி, சுவரில் தண்ணீர் தெறிக்காமல் சின்னத் திரை போட.

இன்னொரு பெரிய பெயர் தாமஸ் ஷெரட்டன். 1791 முதல் 1793 வரை அவருடைய வரைபடப் புத்தகம் வந்தது. இன்றுவரை ஏலக் கடைகளில் ஹெப்பிள்வைட் பாணி, ஷெரட்டன் பாணி என்றுதான் பேச்சு. ஆனால் ஹெப்பிள்வைட் கையால் செய்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு சாமானும் கிடையாது. ஷெரட்டனுக்குச் சொந்தப் பட்டறை இருந்ததாகவே தெரியவில்லை. வரைவது கற்றுக்கொடுத்தும் பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தும் வறுமையில் வாழ்ந்து 1806இல் இறந்தார். பாணிக்கு இரண்டு பேர் பெயர்; செய்த ஆயிரக்கணக்கான ஆசாரிகளுக்கு ஒரு பெயரும் இல்லை.

சனி, கெடில்ஸ்டன்

டெர்பியிலிருந்து டாக்ஸி. எட்டு கிலோமீட்டர் இருக்கும்.

வெளியே நின்று பார்த்தாலே சிலருக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். கல்கத்தா ராஜ்பவன் (இப்போது லோக் பவன்), அதாவது வெல்லெஸ்லி காலத்தில் 1803இல் கட்டி முடித்த கவர்னர் ஜெனரல் மாளிகை, இந்த வீட்டின் திட்டத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது. பிறகு இந்த வீட்டிலேயே 1859இல் பிறந்த கர்சன், 1899இல் வைஸ்ராயாகப் போய் அந்த மாளிகையில் குடியேறினார். அவர் கொண்டுவந்து சேர்த்த யானைத் தந்தம், வெள்ளி, ஆயுதம் எல்லாம் கீழே ஒரு தனி மியூசியமாக இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். கோபம் வரும், இன்று வேண்டாம்.

1759இல் முதலாம் ஸ்கார்ஸ்டேல் பிரபு நத்தானியல் கர்சன் தொடங்கியது. வேறு இரண்டு கட்டடக் கலைஞர்களிடமிருந்து பிடுங்கி ஆடம் கையில் வந்து சேர்ந்தது. தெற்கு முகப்பு ரோமில் உள்ள கான்ஸ்டன்டைன் வளைவைப் பார்த்தது. நடுக்கூடத்தில் 20 தூண்கள். அலபாஸ்டர் என்ற மென்கல்.

சாப்பாட்டு அறையின் ஒரு முனையில் சுவர் அரைவட்டமாக உள்ளே போகிறது. அந்தக் குழிவுக்குள் அளவாக வளைத்துச் செய்த மேசைகள். 1762இல் ஆடம் இந்த இடத்துக்கு வரைந்த படத்தில் வெள்ளித் தட்டு, குடம் எல்லாம் எந்தப் படியில் எது என்று அடுக்கிக் காட்டியிருக்கிறார். அறையின் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வெள்ளி கண்ணில் படும். குடும்பத்தின் பணம் எவ்வளவு என்பதை விருந்தாளி கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். கல்யாண வீட்டில் சீர்வரிசை பரப்புகிற கணக்குத்தான்.

இங்கே ஒரு முக்காலித் தூபக்கால் இருக்கிறது. ஏதென்ஸுக்கே போய்க் கோயில்களை அளந்து வந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வடிவமைத்தது. தங்க முலாம் பூசிய வெண்கலம். ஏதென்ஸில் லிசிக்ரடீஸ் நினைவுச்சின்னத்தின் உச்சியில் இருந்ததாக அவர் எண்ணிய முக்காலியிலிருந்து பிறந்த வடிவம். பாடகர் குழுப் போட்டியில் வென்றவனுக்குக் கொடுத்த பரிசு, இங்கே ஆட்டிறைச்சி வாடையைப் போக்கிக்கொண்டு நிற்கிறது.

சமையல்கட்டு எங்கே என்று கேட்டேன். வழிகாட்டும் பெரியவர் சிரித்துக்கொண்டே என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். தனிக் கட்டடம். வளைந்த நடைபாதை வழியாக உணவு தூக்கிவர வேண்டும். தட்டைச் சூடாக்கும் பெட்டி எதற்கு என்பது அங்கே நின்றபோதுதான் முழுசாக விளங்கியது.

ஞாயிறு, ஹேர்வுட்

லீட்ஸிலிருந்து 36ஆம் எண் பேருந்து வாசலிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து நல்ல நடை.

இந்தப் பாணியில் உச்சம் எது என்று கேட்டால் நான் ஹேர்வுட்டைச் சொல்வேன். எட்வின் லாசல்ஸ் 1759இல் அடிக்கல் போட்டார், 1771இல் குடிவந்தார். கட்டடம் ஜான் கார், உள்வேலை ஆடம், சாமான் தாமஸ் சிப்பண்டேல். சிப்பண்டேல் பக்கத்து ஓட்லி ஊர்க்காரர், 1718இல் பிறந்தவர். 1754இல் அவர் போட்ட புத்தகத்தில் சீனப் பாணி, கோதிக் பாணி, சுருள் சுருளான ரோகோகோ எல்லாம் இருந்தன. சிப்பண்டேல் என்றதும் பலருக்கு நினைவு வருவது அதுதான். ஆனால் அவர் வாழ்நாளின் மிக நல்ல வேலை அந்தப் புத்தகத்துக்குப் பிறகு, இந்த நியோகிளாசிக்கல் பாணியில் செய்தது.

டயானா, மினர்வா இரு தெய்வங்களையும் மரத்துண்டு பதித்து இழைத்த ஒரு கமோட், அதாவது குட்டையான அலங்கார அலமாரி, இருக்கிறது. 1773ஆம் ஆண்டு பில்லில் அதற்கு 86 பவுண்டு போட்டிருக்கிறார். பதித்த மரங்கள் அன்று பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயமேற்றிப் பளிச்சென்று இருந்திருக்கும். இப்போது எல்லாம் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. நாம் "எவ்வளவு அடக்கமான ரசனை" என்று மெச்சுவது பாதி வெயிலின் வேலை.

சாப்பாட்டு அறைக்குச் செய்த சைட்போர்டு, இரண்டு பீடம், இரண்டு கலசம், மதுத் தொட்டி எல்லாம் சேர்ந்த கூட்டணி இங்கே சிதறாமல் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இது பிரிந்துபோய்விட்டது. பீடம் ஒரு ஏலத்தில், கலசம் இன்னொரு ஏலத்தில். இங்கே எல்லாம் ஒன்றாக நிற்கும்போது விகிதம் புரிகிறது. உலோக மாலைகள் கலசத்திலிருந்து பீடத்துக்கு, பீடத்திலிருந்து மேசைக்கு என்று ஒரே மூச்சில் ஓடுகின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இலை நரம்பும் உளியால் தீட்டியது. ஒரு மணி நேரம் நின்றேன். காவலர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

லாசல்ஸ் குடும்பத்தின் பணம் பார்படோஸ், ஜமைக்கா கரும்புத் தோட்டங்களிலிருந்தும் அடிமை வியாபாரத்திலிருந்தும் தோட்ட முதலாளிகளுக்குக் கொடுத்த கடனிலிருந்தும் வந்தது. வீட்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்; மறைக்கவில்லை. மரமும் அங்கிருந்துதான் வந்தது. 1721இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அமெரிக்கக் காலனி மரங்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. அதற்குப் பிறகு ஜமைக்கா மகோகனி கப்பல் கப்பலாக வந்தது. ஜமைக்காக் காடு தீர்ந்ததும் கூபா, ஹோண்டுராஸ் கரை. காட்டுக்குள் வெட்டி ஆற்றில் தள்ளியவர்கள் அடிமைகள். இந்தப் பாணிக்கு ரோமாபுரியிலிருந்து வந்தது கோடுகள். பலகை வந்த இடம் இது. அகலமான, கோணாத, பூச்சி அரிக்காத மகோகனிப் பலகை மட்டும் இல்லாவிட்டால் ஏழு அடி நீள மேசைத் தளத்தை ஆடம் காகிதத்தில்தான் வைத்திருந்திருப்பார்.

திங்கள், ஹாரோகேட்

அதே 36 இன்னும் கொஞ்சம் வடக்கே ஹாரோகேட் போகிறது. பழைய சாமான் கடைகள் உள்ள ஊர். ஒரு கடையில் ஒரே அறைக்குள் நான்கு சைட்போர்டு.

கடைக்காரர் பொறுமைசாலி. டிராயரை உருவித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். உண்மையான பழசு என்றால் அடிப்பலகை காற்றுப்பட்டுச் சீராகக் கறுத்திருக்கும். பாட்டில் டிராயரில் ஈயத் தகட்டை எடுத்திருந்தாலும் அதன் கறையும் ஆணித் தடமும் போகாது. கால்கள் முதலில் வட்டமாக இருந்ததைச் சீவிச் சதுரமாக்கிப் பின்னாளில் பதிப்பு வேலை சேர்ப்பது உண்டு. அகலமான மேசையைப் பின்னால் அறுத்து ஃபிளாட்டுக்கு ஏற்ற மாதிரி குறைப்பதும் உண்டு. அறுத்தால் டிராயரின் பின்பக்கத்துப் புறாவால் பூட்டு, அதாவது புறா வால் வடிவப் பற்களால் பலகைகளைக் கோக்கும் இணைப்பு, புதுசாக இருக்கும், அங்கேதான் விளக்கடித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

நான்கில் ஒன்று மஞ்சளாக மின்னியது. சாட்டின்வுட். ஷெரட்டன் பாணிதான், ஆனால் சுமார் 1900இல், அந்தப் பாணி இரண்டாம் முறை மோகமானபோது செய்தது. ஆடம் காலத்தில் சாட்டின்வுட் முதலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தது. பிறகு இன்னொரு வகை தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரத் தொடங்கியது. அது நம் பொரசு மரம். இலங்கையில் முதிரை என்பார்கள். வன்னிக்காட்டு முதிரை என்றால் யாழ்ப்பாணத்துக்காரர் கண் விரியும். இந்தக் கடையில் நிற்பது அந்த முதிரையாக இருக்கலாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். ஊரில் அதை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டார். நிலை, கதவு, கட்டில் என்றேன். கதவா என்று இரண்டு முறை கேட்டார்.

நான்கில் இன்னொன்று 1790ஆம் ஆண்டுச் சாமான், மகோகனி, ஆறு கால், நடுவில் சங்குப் பதிப்பு. விலையைப் பார்த்து நம்பவில்லை. இருபது இருபத்தைந்து ஆண்டுக்கு முன் இதைப்போல் பல மடங்கு போயிருக்கும். இப்போது பழுப்பு நிற மர சாமான் யாருக்கும் வேண்டாமாம். சாப்பாட்டு அறையே பல வீடுகளில் இல்லை. வாங்குகிற சிலரும் டிவி வைக்க வாங்குகிறார்கள், உயரம் சரியாக இருக்கிறதாம். வயர் போக முதுகில் ஓட்டை போடுவார்களே, விலை போய்விடாதா என்றேன். "போவதற்கு விலை ஏது?" என்று சிரித்தார்.

ஊருக்கு அனுப்பும் கப்பல் கூலி சாமான் விலையைத் தாண்டும் என்பதால் வாங்கவில்லை. டிராயர் அடிப்பக்கம், ஈயக் கறை, புறாவால் பூட்டு மூன்றையும் படமெடுக்க விட்டார். நாளை லண்டன் ரயிலில் உட்கார்ந்து அவற்றைப் போடுகிறேன்.